படி வளைவில் ஒரு நாற்காலி

அந்த நாற்காலியைத் தூக்கிப் போடச் ஷேரன் சொன்னாளா இல்லையா என்று போன வாரம் முழுக்க ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். சொல்லவில்லை. வாயெடுத்தாள்; ஜெஃப்ரியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இக்மலின் பை விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஷேரனும் அவள் கணவர் ஜெஃப்ரியும் குடியிருக்கிறார்கள். ஜெஃப்ரி கப்பல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஷேரன் டீச்சர், இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறாள். மே மாதம் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இருதயத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து பல் துலக்கினாலே மூச்சு வாங்குகிறது.

அவளுடைய அக்கா நவோமியும் இருதயக்காரிதான். போன டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கை வைத்த, கனமான மர நாற்காலி. இப்போது ஷேரன் வீட்டுப் படிக்கட்டு பாதியில் வளைகிற இடத்தில் போட்டிருப்பது அதே நாற்காலிதான்.

கொண்டுவந்தது ஜெஃப்ரி. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பிசியோ இஸ்ஸதி, படி ஏறி இறங்கும்போது பாதியில் உட்கார ஒரு நல்ல நாற்காலி வேண்டும் என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் நவோமியின் மகன் ஷேன் வீட்டில் சும்மா கிடப்பது இவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. செத்தவள் நாற்காலியை உயிரோடு இருக்கிறவளுக்குப் போடலாமா என்று யோசிக்க வேண்டாமா? ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது!

நாற்காலி வந்த வாரத்திலிருந்து அதில் யாரோ உட்காருகிறார்கள்.

சத்தியமாக ஷேரன் இல்லை. அவள் கீழே இறங்கியே வாரக்கணக்கு ஆகிறது. ஆனால் பகலில் அவள் படுத்திருக்கும்போது, கீழே சந்தில் டூரிஸ்டுகள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கொஞ்சம் ஓய்கிற நேரமாகப் பார்த்து, வளைவில் மரம் முனகும். யாரோ பாரத்தை மெல்ல இறக்குகிற முனகல். அப்புறம் மூச்சு. அப்புறம் நீலகிரித் தைல வாசம் லேசாக மாடிக்கு ஏறி வரும். நவோமி நெஞ்சில் தேய்த்துக்கொள்வது அந்தத் தைலம்தான்.

கடைசியாகக் கிசுகிசுவென்று ஒரு குரல் மாதா செபத்தை "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பிக்கும். "உம்முடனே" என்ற இடத்தில் அறுந்துவிடும்.

அது யாரென்று ஷேரனுக்கு உறுதியாவது அந்த இடத்தில்தான். நடக்கும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லிப் பார், முடியாவிட்டால் உடனே உட்கார் என்பது பிசியோக்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். அக்காள் தங்கை இருவருமே அதற்கு அந்தச் செபத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள். நவோமிக்கு எப்போதும் மூச்சு அறுவது "உம்முடனே"யில். மிச்சத்தைப் பக்கத்திலிருந்து ஷேரன் முடித்துக் கொடுப்பாள்.

இப்போதும் அப்படித்தான் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்த பிறகு பாவம் கழியக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களால் தங்களுக்காகச் செபிக்க முடியாது, உயிரோடு இருக்கிறவர்கள்தான் செபிக்க வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள். அவளுடைய அம்மா அமலம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படி ஏதும் காதில் விழுந்தால் யாரென்று கேட்காதே, எழுந்து போய்ப் பார்க்காதே, செபத்தை முடித்துவிடு, அது தன் வழியே போய்விடும் என்று சொல்லி வளர்த்தவள். ஆகவே ஷேரன் படுத்தபடியே செபத்தை முடிப்பாள். கடைசியில் "நித்திய இளைப்பாற்றி" என்று இறந்தவர்களுக்கான செபத்தையும் சேர்த்துச் சொல்வாள். வளைவில் சத்தம் அடங்கிவிடும். ஜெஃப்ரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். நவோமி போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். மாலையில் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அங்கே போய் அக்காளின் கல்லறையில் தன் கையால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதுதான் ஷேரனுக்கு இருந்த ஒரே ஆசை. அது நடந்தால் அந்த மூச்சும் அடங்கும், அக்காளும் இளைப்பாறுவாள் என்று மனதார நம்பினாள்.

இஸ்ஸதிதான் வழி சொன்னாள். இஸ்ஸதி பேசுவது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். தமிழில் "அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் சுத்தமாக வரும். உங்களுக்குத் தெம்பு ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர் மாதிரி என்றாள். தண்ணீர்க் குழாய் நின்றுபோன நாளில் என்ன செய்வீர்கள், யோசித்து யோசித்துத்தானே மொண்டு ஊற்றுவீர்கள்? நின்றுகொண்டு செய்வதை உட்கார்ந்து செய்யுங்கள். தூக்குவதைத் தள்ளுங்கள். களைத்த பிறகு உட்காராதீர்கள், களைப்பதற்கு முன்னால் உட்காருங்கள். எது முக்கியமோ அதற்கு மட்டும் வையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

ஷேரன் விட்டாள் பாருங்கள், அப்படி ஒரு விடுதல்! துணி மடிப்பதை விட்டாள், கூட்டுவதை விட்டாள், மாடிவாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதைக்கூட விட்டாள். முப்பது வருஷம் வகுப்பில் கத்திய வாய், வாரம் முழுக்க மூடிக் கிடந்தது. அவள் விட்டதையெல்லாம் எடுத்துச் செய்தவர் யார் என்று அவள் கேட்கவில்லை. பாத்திரம் கழுவியிருந்தது, அரிசி மூட்டை மேலே வந்திருந்தது, கேஸ் சிலிண்டர் மாறியிருந்தது. ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று மாலை இஸ்ஸதி வந்து நாடி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, நாளைக்குப் போகலாம் என்று சிரித்தாள். காரிலிருந்து கல்லறை வரைக்கும் சக்கர நாற்காலியில் போவதில் வெட்கமே வேண்டாம் என்றாள். புறப்படும்போது பையைத் தூக்கி வந்த ஜெஃப்ரியை ஒரு கணம் உற்றுப் பார்த்து, ஐயா என்பதற்கு மலாயில் சொல்கிற மாதிரி, என்சிக், உங்களுக்கு உடம்பு சரிதானா என்று கேட்டாள். ஜெஃப்ரி சிரித்துவிட்டு, அவளைப் பாரும்மா, எனக்கென்ன குறைச்சல் என்றார். ஷேரனும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இன்று காலை எல்லாம் கணக்காக நடந்தது. குளியலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து குளித்தாள். முன்பக்கம் பட்டன் வைத்த வெள்ளைச் சட்டையையும் வெள்ளைப் பாவாடையையும் நேற்றே கட்டிலில் எடுத்து வைத்திருந்தாள், உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டாள். தலை வாரும்போது முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டாள். சமையலறையில் நவோமிக்குப் பிடித்த பூண்டுக் குழம்புக்கு உட்கார்ந்தே பூண்டு உரித்தாள். குழம்புச் சட்டியைத் தூக்காமல், ஈரத்துணிமேல் வைத்து அடுப்பு வரைக்கும் தள்ளினாள். பாதியில் நெஞ்சு "போதும்" என்று சொல்வதற்கு முன்னாலேயே அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மூச்சு நிதானமாக இருந்தது. தெம்பு அப்படியே கைபடாமல் இருப்பது அவளுக்கே தெரிந்தது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜெஃப்ரி செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்க பாசாருக்குப் போயிருந்தார். ஷேன் மத்தியானம் காரோடு வந்துவிடுவான். போனில், சின்னம்மா நீங்க ஒண்ணும் தூக்காதீங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன் என்று உத்தரவு போட்டிருந்தான்.

ஜெஃப்ரி போய் வெகுநேரம் ஆகிவிட்டது. கல்லறைத் திருநாளில் பூக்கடையில் கூட்டம் இருக்கும்தான். ஷேரன் கண்ணை மூடினாள்.

அப்போது வளைவில் மரம் முனகியது.

வழக்கமான முனகல்தான். மூச்சு மட்டும் இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆழத்திலிருந்து வந்தது, இடையிடையே நின்றது. ஷேரன் காதைத் தீட்டிக்கொண்டாள். இன்றைக்கு ஆத்துமாக்கள் நாள் அல்லவா, அக்காள் நேராகவே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தாள். தைல வாசம் வருகிறதா என்று மோந்து பார்த்தாள். வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அருள் நிறைந்த மரியே..." குரல் மெலிந்து, கரகரத்து வந்தது. "உம்முடனே"யில் அறுந்தது.

ஷேரன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டாள். அம்மா சொன்னபடியே அசையவில்லை, யாரென்று கேட்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே மிச்சத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தாள். "நித்திய இளைப்பாற்றி"யையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மனதுக்குள் ஒரு நிம்மதி பரவியது. இன்னும் கொஞ்ச நேரம்தான் அக்கா, மெழுகுவர்த்தியோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டாள்.

வளைவில் சத்தம் அடங்கியது.

பிறகு டொக் என்று ஒரு சத்தம். ஒரு படி கீழே இன்னொரு டொக். இன்னும் கீழே இன்னொன்று. ஏதோ ஒன்று படிப்படியாக உருண்டு இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பிளாஸ்டிக் பை சரசரவென்று சரிகிற சத்தம்.

ஷேரன் கண்ணைத் திறந்தாள். ஆத்துமா பிளாஸ்டிக் பை தூக்கிக்கொண்டு வராது. மெழுகுவர்த்தியை உருட்டிவிடாது.

"ஜெஃப்?"

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மாடிவாசலுக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எட்டிப் பார்த்தாள். படியெல்லாம் மஞ்சள் செவ்வந்தி சிதறிக் கிடந்தது. நாற்காலியில் ஜெஃப்ரி இருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. முகம் சாம்பல் பூத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

தாயே, இவ்வளவு நேரம் இவருக்கா நித்திய இளைப்பாற்றி சொன்னேன்?

நின்று இறங்கினால் விழுவாள். ஒருநாள் இஸ்ஸதி விளையாட்டாகச் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது: அவசரம் என்றால் மானத்தைப் பார்க்காதீர்கள் அக்கா, சின்னப் பிள்ளை மாதிரி படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குங்கள். ஷேரன் மேல்படியில் உட்கார்ந்தாள். கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள். வெள்ளைப் பாவாடையில் பூ நசுங்கியது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை அந்தப் படிகளில் கொட்டிக்கொண்டே போனாள். கொட்டுகிறோம் என்ற வருத்தமே அவளுக்கு இல்லை.

வளைவுக்கு வந்ததும் கீழே பார்த்து இக்மலைக் கூப்பிட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. இக்மல் ஓடி வந்தான், பார்த்தான், ஒரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஜெஃப்ரி எழுந்திருக்கப் பார்த்தார். ஷேரன் அவர் தோளை அழுத்திப் பிடித்தாள். எழுந்திருக்கக் கூடாது, நடக்கக் கூடாது, நிமிர்ந்தே உட்காருங்கள் என்று அதட்டிச் சட்டைப் பட்டன்களைக் கழற்றினாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"மூச்சு வாங்குறது ரொம்ப நாளாத்தான்லா." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று பேசினார். "நீ இன்னிக்குன்னு தெம்பச் சேத்து வெச்சிருந்த. எனக்குன்னா நீ எந்திரிச்சு ஓடுவ. அத எப்படி நான் செலவு பண்ண விடுவேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. இத்தனை நாளும் தன்னுடைய ஒரு வாளித் தண்ணீர் சிந்தாமல் இருக்க இந்த மனுஷன் தன் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்க்காமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோமே என்று நெஞ்சு வெந்தது.

"இங்க தினம் உக்காந்து செபம் சொன்னது நீங்கதானா? ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே."

ஜெஃப்ரி அரைக்கண்ணால் அவளைப் பார்த்தார். "இங்கயா? இது உங்கக்கா நாற்காலி. எனக்கே பயம்லா. இன்னிக்குத்தான்... வேற வழியில்லாம."

"அண்ணே தினம் நம்ம கடையிலதான் உக்காருவாரு அக்கா," என்றான் இக்மல். "மூச்சு வாங்கி முடிச்சிட்டுத்தான் மேல ஏறுவாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ஷேரனின் கண் தானாக நாற்காலியின் கைப்பிடிக்குப் போனது. ஜெஃப்ரியின் விரல்கள் அதை இறுகப் பிடித்திருந்தன. அதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை. சந்தில் சைரன் கேட்டது.

வந்தவர்கள் மளமளவென்று வேலை பார்த்தார்கள். ஸ்ட்ரெட்சர் வளைவில் திரும்பவில்லை. உட்கார்ந்த நாற்காலியோடேயே ஜெஃப்ரியைக் கட்டி, முன்னே ஒருவர் பின்னே ஒருவராகத் தூக்கி இறக்கினார்கள். ஷேரன் எழுந்து பார்த்தாள். கால் கேட்கவில்லை. வாளி காலி. அவளுக்காகக் காத்திருக்க ஆம்புலன்ஸால் முடியாது. "நீ அண்ணன்கூடப் போ, இக்மல். நான் ஷேனோட வரேன்," என்றாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சைரன் சூலியா தெருப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. கடைப் பையன்கள் நாற்காலியைக் கீழே கடைக்குள் போட்டுவிட்டு, மேலே வரட்டுமா அக்கா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஷேனுக்குப் போட்டாள். பாலத்தில் ஜாம், கெரெத்தாவை ஓட்டவே முடியவில்லை என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் உடைந்தது. மெதுவாகவே வா என்று இவள்தான் அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

பிறகு தனியாக இருந்தாள். மேலேயும் ஏற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. வளைவுக்கு அடுத்த கீழ்ப்படியில், சுவரில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்காலி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மேலே அடுப்பில் பூண்டுக் குழம்பு அடிபிடிக்கிற வாசம் வந்தது. அடுப்பை அணைக்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிப்போய் அணைத்துவிட்டு, நாற்காலி இருந்த இடத்தை மட்டும் ஏனோ சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

இனி செய்ய ஒன்றுதான் இருந்தது. ஷேரன் கைகளைக் கோத்தாள். ஜெஃப்ரிக்காகச் செபம் சொல்ல ஆரம்பித்தாள். அருள் நிறைந்த மரியே வாழ்க என்று சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். "உம்முடனே" என்று வரும்போது மூச்சு அறுந்தது. வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். காற்றுதான் வந்தது.

பின்னால் மரம் முனகியது.

நாற்காலி கீழே கடையில் இருக்கிறது. ஷேரன் இருந்த இடத்திலிருந்தே அதன் ஒரு கால் தெரிந்தது. நீலகிரித் தைல வாசம் மெல்ல வந்து அவளைச் சூழ்ந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து, அவசரமே இல்லாமல், கிசுகிசுவென்று ஒரு குரல் மிச்சச் செபத்தைச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு இடத்திலும் அறாமல் ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தது.

ஷேரன் திரும்பவில்லை. அவளுக்குப் பயம் அந்தக் குரலிடம் இல்லை. அடுத்து அது என்ன சொல்லப் போகிறது என்பதில்தான் பயம். இத்தனை நாளும் இவள் செபத்தை முடித்ததும் என்ன சேர்த்துச் சொன்னாள்? "நித்திய இளைப்பாற்றி." அதை அந்தக் குரல் இப்போது ஆரம்பித்தால்?

வளைவில் யாரோ மூச்சை இழுத்து நிறைத்துக்கொண்டார்கள்.

"அருள் நிறைந்த மரியே..." என்றது குரல், மறுபடியும் முதலிலிருந்து. "நித்திய இளைப்பாற்றி" வரவில்லை. "உம்முடனே" வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டது. அறுந்த மாதிரி இல்லை. இவள் எடுக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. திரையில் இக்மலின் பெயர் வந்தது.

ஷேரன் போனைத் தொடவில்லை. முதலில் மிச்சச் செபத்தைச் சொல்லி முடித்தாள். ஒரே மூச்சில் வந்தது. பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.